எண்ணம் நல்லதாக இருந்தால் போதுமா?

வினை எங்கே தொடங்குகிறது என்பதில் பௌத்தரும் சமணரும் நெடுங்காலம் வாதிட்டார்கள். செய்பவனின் எண்ணமே வினை என்றது பௌத்தம். சமணம் அதோடு நிற்கவில்லை. கவனமின்மையோடு செய்யும் செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி வரையறுத்தார். கொல்ல நினைக்காதவனும், பார்த்து நடக்காவிட்டால் பொறுப்பாளியே. துறவிகளின் நடையொழுக்கத்துக்காக எழுந்த விதி என்று இதை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இக்கால அரசின் திட்டங்களை எடைபோட இதைவிடப் பொருத்தமான கோல் எனக்குத் தெரியவில்லை. இங்கே ஒவ்வொரு துறையும் நல்லெண்ணத்தோடு இயங்குகிறது. தீங்கு மட்டும் யார் பெயரிலும் பதிவாகாமல் நடந்துவிடுகிறது.

பஞ்சாபைப் பாருங்கள். நெல்லுக்கு உறுதியான விலை தந்து கொள்முதல் செய்தது உணவுத்துறை. நாட்டின் பசியைத் தீர்க்க அது தேவைப்பட்டது. 1997-இல் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. உழவரின் கடன்சுமையை நினைத்தால் அதையும் குறை சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தபோது, மழை குறைந்த நிலத்தில் நெல் மேலும் பரவியது. ஆண்டுதோறும் ஊறுவதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீர் இறைக்கப்பட்டது. இதைத் தடுக்க 2009-இல் ஒரு சட்டம் வந்தது: ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது. கோடை வெயிலில் நீர் ஆவியாவதைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. அடுத்து கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிஞ்சியது. வைக்கோல் தாளை அகற்ற நேரமில்லாதவர்கள் தீ வைத்தார்கள். தாளை எரிப்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். இப்போதோ காற்று ஓய்ந்து கிடக்கும் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் அது குவிந்தது. நீரைக் காக்க வந்த சட்டம் டெல்லியின் மூச்சைத் திணறவைத்ததில் பங்கேற்றது. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் யார்? ஒருவருமில்லை.

இலவச மின்சாரத்தைக் கேள்வி கேட்பதே ஏழைக்கு எதிரானது என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. வாய்க்கால் பாசனக்காரருக்கு அரசே அணை கட்டி ஏறக்குறைய இலவசமாகத் தண்ணீர் தருகிறது. கிணற்றுப் பாசனக்காரர் சொந்தக் காசில் தோண்டுகிறார். அவருக்கு மின்சாரமாவது கிடைக்கட்டும் என்பது சமத்துவக் கோரிக்கை. ஆயினும் நீர்மட்டம் இறங்க இறங்க முதலில் வற்றுவது ஏழையின் கிணறுதான். ஆழமாகப் போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கப் பணமுள்ளவர் தப்பித்துக்கொள்கிறார். ஆக, கருணையின் பெயரால் தொடங்கியது, கவனமின்றித் தொடர்ந்தால், யாருக்காகத் தொடங்கியதோ அவரையே கைவிடுகிறது. மானியம் தவறல்ல, மானியம் தருகிறவர் கிணற்றைப் பார்க்காமலிருப்பதே தவறு.

எல்லா விளைவையும் யாரால் முன்கூட்டி அறிய முடியும் என்பது இன்னொரு மறுப்பு. முதல் ஆண்டுக்கு இந்தச் சாக்கு செல்லும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வட்டாரம் வட்டாரமாக அளந்து அறிக்கை வெளியிட்டுக்கொண்டிருக்கும்போது, பதினைந்தாம் ஆண்டில் அதே சாக்கைச் சொல்வது அறியாமையாகாது. சேர்ந்து பார்க்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2003 முதல் 2006 வரை குஜராத்தின் ஜோதிகிராம் திட்டம் வயலுக்குப் போகும் மின்பாதையை வீட்டுப் பாதையிலிருந்து பிரித்தது. வீடுகளுக்கு நாள் முழுதும் மின்சாரம், பம்புகளுக்கு நேரம் குறித்து எட்டு மணி நேரம். குறையற்ற திட்டமல்ல அது. பிறர் கிணற்றிலிருந்து நீர் வாங்கிப் பயிரிட்ட சிறு உழவர்கள் பாதிக்கப்பட்டார்கள். இருந்தாலும் மின்சாரத்தையும் நீரையும் ஒரே கணக்காகப் பார்த்த முயற்சி. இப்போது 2019-இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தில் சூரிய பம்புகள் வருகின்றன. வெயிலுக்கு மின்கட்டணம் கிடையாது; எவ்வளவு இறைத்தாலும் கூடுதல் செலவில்லை. அதே திட்டத்தில், மின்கம்பியோடு இணைந்த பம்புகளின் மிச்ச மின்சாரத்தை விற்கவும் வழியிருக்கிறது. நீர் அதிகம் உறிஞ்சப்பட்ட வட்டாரங்களில் அந்த வழியை முதலில் திறவுங்கள். நீர் அளக்கும் துறையும் மானியம் தரும் துறையும் ஒரே கோப்பில் கையெழுத்திடாமல் அங்கே ஒரு பம்பையும் இறக்காதீர்கள்.