ஸலாமைச் சுருக்கலாமா?

கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஜமாஅத்தின் அறிவிப்பு, கல்யாண அழைப்பு, மவுத்துச் செய்தி எல்லாம் அதன் வழியாகவே வந்து சேர்கின்றன. சபரில் இருக்கும் மகன் உம்மாவுக்கு எழுதுவதும், கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் வாப்பாவுக்கு எழுதுவதும் அதில்தான். இது அல்லாஹ் தந்த வசதி. அதைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. ஆனால், நம் வீட்டுக் கைப்பேசியில் வந்து குவிந்திருக்கும் எழுத்துகளை ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாகப் படித்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழாமல் இராது.

ஸலாம், 'ஏ.எஸ்.ஏ.' என்று மூன்று ஆங்கில எழுத்துகளாக வருகிறது. பதில் ஸலாம் 'டபிள்யூ.எஸ்.' என்று இரண்டு எழுத்துகளில் திரும்புகிறது. 'இன்ஷா அல்லாஹ்' என்பது 'ஐ.ஏ.' ஆகிவிட்டது. 'ஜஸாகல்லாஹு கைரா' என்ற அழகிய துஆ 'ஜே.இஸட்.கே.' என்று குறுகிவிட்டது. பெருமானார் அவர்களின் திருநாமத்தை அடுத்து எழுத வேண்டிய ஸலவாத்தும் இதே கதியை அடைந்திருக்கிறது. இது வெறும் எழுத்துச் சிக்கனந்தானா? அல்லது நம் உள்ளத்தில் ஏதோ ஒன்று சுருங்கி வருவதன் அடையாளமா? இதைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சுருக்கி எழுதுவதே தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஹதீதுக் கலையின் இமாம்களே சுருக்கி எழுதியவர்கள்தாம். இன்னார் எங்களுக்கு அறிவித்தார் என்று பொருள்படும் 'ஹத்தஸனா' என்ற சொல் அறிவிப்பாளர் வரிசையில் திரும்பத் திரும்ப வரும். கையால் எழுதிய காலம் அது. ஆகவே அதை 'ஸனா' என்றும், 'னா' என்றும் குறுக்கி எழுதினார்கள். 'அக்பரனா' என்பதை 'அனா' என்று எழுதினார்கள். ஆனால் அந்த ஏட்டை வாசிக்கும்போது 'ஹத்தஸனா' என்றே நிறைவாக வாசிப்பார்கள். சுருக்கம் காகிதத்தோடு நின்றது, நாவுக்கு வரவில்லை.

அதே இமாம்கள் ஸலவாத்து விஷயத்தில் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். ஹிஜ்ரி 643-இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள், பெருமானாரின் பெயர் வருந்தோறும் ஸலவாத்தை முழுமையாக எழுத வேண்டும், மீண்டும் மீண்டும் எழுத நேர்கிறதே என்று சலிப்படையக் கூடாது என்று வலியுறுத்தினார்கள். ஓரிரு எழுத்துகளால் அதைக் குறிப்பதைக் கண்டித்தார்கள். நம் கடலோர ஊர்களில் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் பெரிதும் மதிக்கும் இமாம் நவவீ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் 'தக்ரீப்' என்னும் தமது நூலில், அவ்வாறு குறியீடாக எழுதுவது மக்ரூஹ் என்றே எழுதியிருக்கிறார்கள்.

ஒரு சொல்லைச் சுருக்கியவர்கள் மற்றொன்றைச் சுருக்க ஏன் மறுத்தார்கள்? 'ஹத்தஸனா' என்பது தகவல். பொருள் விளங்கினால் அதன் வேலை முடிந்தது. ஸலவாத்தோ துஆ. அது ஓர் இபாதத்து. தகவலைச் சுருக்கலாம், துஆவைச் சுருக்கினால் எஞ்சுவது என்ன? தம் பெயர் சொல்லப்பட்டும் தம்மீது ஸலவாத்துச் சொல்லாதவனே கஞ்சன் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் வருகிறது. பணத்தில் சிக்கனம் புகழுக்குரியது. ஸலவாத்தில் சிக்கனத்துக்குப் பெயர் வேறு என்பதை இந்த ஹதீது காட்டித் தருகிறது.

ஸலாமும் துஆதான். ஒருவர் வந்து 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றார். பத்து நன்மைகள் என்றார்கள் பெருமானார். அடுத்து வந்தவர் 'வரஹ்மத்துல்லாஹ்' என்பதையும் சேர்த்தார். இருபது என்றார்கள். மூன்றாமவர் 'வபரக்காத்துஹு' என்று நிறைவு செய்தார். முப்பது என்றார்கள். கூட்டக் கூட்டக் கூலி தருவதாக வாக்களித்திருக்கிற சரக்கை நாம் குறைத்துக் குறைத்து அனுப்புகிறோம்!

ஓர் எழுத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். மதீனாவில் யூதர் சிலர் பெருமானாரிடம் வந்து, ஸலாம் சொல்வதுபோல் 'அஸ்ஸாமு அலைக்கும்' என்றார்கள். லாம் என்ற ஓர் எழுத்தை விட்டார்கள். சாந்தி என்ற பொருள் போய் மரணம் என்ற பொருள் வந்தது. அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அதைப் புரிந்துகொண்டு கொதித்தெழுந்தார்கள். பெருமானாரோ 'வஅலைக்கும்' என்று மட்டும் பதிலிறுத்துவிட்டு, அன்னையை மென்மையைக் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்தது அது. அவசரத்தில் சுருக்கும் நம் பிள்ளைகளை அவர்களோடு ஒப்பிடுவது அநியாயம். ஆயினும் ஸலாமில் ஓர் எழுத்துக்கும் எடை உண்டு என்பதற்கு இது சான்று.

தூரத்திலிருந்து வரும் ஸலாமுக்கு இத்தனை கவனம் தேவையா என்போருக்கும் அந்த அன்னையிடமே பாடம் இருக்கிறது. ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் உமக்கு ஸலாம் உரைக்கிறார் என்று பெருமானார் சொன்னபோது, தாம் காணாத அவருக்கு 'வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு' வரையில் நிறைவாகப் பதில் கூறினார்கள். கடிதத்தில் வந்த ஸலாமுக்கும் பதில் கூறுவது வாஜிபு என்று இமாம் நவவீ அவர்கள் 'அல்அத்கார்' நூலில் எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சுருக்கங்கள் எங்கிருந்து வந்தன? முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது 1992 டிசம்பர் 3-இல். ஒரு செய்தியில் 160 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. தமிழில் எழுதினால் 70 தான். எண் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் ஓர் எழுத்து வரும். காசும் கணக்கு. அன்று சுருக்கியதற்கு நியாயம் இருந்தது. அதற்கு முன் தந்தியிலும் சொல்லுக்குச் சொல் கட்டணம் இருந்ததே! பெருநாள் வாழ்த்தை ஓர் எண்ணாகக் குறித்துக் கொடுப்போம். ஆனால் போய்ச் சேரும் ஊரின் தந்தி ஆபீஸில் அந்த எண்ணை விரித்து, முழு வாசகமாக எழுதித்தான் வீட்டில் கொடுப்பார்கள். வாழ்த்துப் பெற்றவர் கையில் எண் போய்ச் சேராது. வாழ்த்தே போய்ச் சேரும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நம் நாட்டில் முடிந்துவிட்டது. இன்று எழுத்துக்குக் கட்டணமில்லை; இடத்துக்கும் பஞ்சமில்லை. நிர்ப்பந்தத்துக்காக அனுமதிக்கப்பட்டது அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்க வேண்டும் என்பது பிக்ஹுக் கலையின் விதி. இங்கே நிர்ப்பந்தம் போய்விட்டது. பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

ஓர் உம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். சபரில் இருக்கும் மகனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டார். பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி, "மருந்து சாப்பிட்டியா வாப்பா, கஞ்சி வச்சுத் தர ஆள் இருக்கா, வேலைக்கு லீவு சொல்லிட்டு ரெண்டு நாள் படு" என்று சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். சற்று நேரத்தில் பதில் வந்தது. "மாமா 'கே'ன்னு போட்டிருக்காங்க, உம்மம்மா."

"கேன்னா என்னம்மா?"

"ஓகேங்கிறதோட சுருக்கம்."

ஓகேயே சுருக்கந்தானே! அந்த உம்மா அதைக் கேட்கவில்லை. "பாவம், அங்கே ரொம்ப வேலை போல" என்று சொல்லிவிட்டு எழுந்து ஒளுச் செய்யப் போனார். பிள்ளைக்குச் சாக்கும் அவரே தேட வேண்டியதாயிற்று.

அந்தத் தலைமுறையின் உம்மாமார்கள் அரபுத் தமிழில் பக்கம் பக்கமாய்க் கடிதம் எழுதியவர்கள். தலைப்பில் 786. பிறகு ஸலாம். பிறகு நலம் கூறி நலம் கேட்பது. அவையும் வாய்ப்பாடுகள்தாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த வாய்ப்பாட்டை எழுதி முடிக்கும் நேரமெல்லாம் மனம் அந்தப் பிள்ளையிடம் இருந்தது. அந்த நேரம்தான் கடிதத்தின் உயிர்.

786-உம் சுருக்கந்தானே என்று ஒருவர் கேட்டால் நியாயமே. அது பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் எண்களின் கூட்டுத்தொகை. இறைநாமம் எழுதிய காகிதம் காலில் மிதிபடுமோ என்ற அச்சத்தால் அவ்வாறு எழுதினார்கள். அது மரியாதையால் பிறந்த சுருக்கம். இது அவசரத்தால் பிறந்த சுருக்கம். எனினும், ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹிர்கலுக்குப் பெருமானார் அனுப்பிய கடிதம் நிறைவான பிஸ்மில்லாஹ்வோடுதான் தொடங்கிற்று என்பதையும் மறக்கலாகாது. ஈமான் கொள்ளாத மன்னருக்கும் சுருக்காமல் எழுதினார்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் சமுதாயத்துப் பத்திரிகைகளும் நூல்களும் காலங்காலமாக அடைப்புக்குறிக்குள் (ஸல்) என்றே அச்சிட்டு வருகின்றன. இதை எழுதும் கையும் அப்படியே எழுதிப் பழகியதுதான். இடத்தைக் கருதிச் செய்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போது வாசகரின் நாவு ஸலவாத்தை நிறைவாக ஓதுகிறதா? ஓதினால் அது 'ஸனா'வை 'ஹத்தஸனா' என்று வாசித்த முன்னோரின் வழி. கண் மட்டும் கடந்து போனால், நமக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே, கடைச் சாமான் பட்டியலைச் சுருக்குங்கள். பஸ் நேரத்தைச் சுருக்குங்கள். ஸலாமையும், ஸலவாத்தையும், மவுத்து வீட்டுக்குச் சொல்லும் ஆறுதலையும் நிறைவாக எழுதுங்கள். இரண்டு எழுத்தைத் தட்டினால் முழு வாசகத்தையும் தானே விரித்து எழுதும் ஏற்பாடு கைப்பேசியிலேயே இருக்கிறது. பழைய தந்தி ஆபீஸைப் போல. அதைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. கை தட்டும்போது நாவும் ஒரு முறை சொல்லட்டும். உம்மாவுக்கு எழுதும்போது மட்டும் அந்த ஏற்பாட்டையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதுங்கள்.

சிறு துஆவையும் நிறைவாகக் கேட்கும் நாவையும், நிறைவாகத் தரும் கையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.