நிறைந்த கூண்டில் பட்டினி

சமண இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை நோன்புக்கு மாசு சேர்க்கும் செயல்கள் எவை என்று சொல்லுமிடத்தில் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து குற்றங்களை எண்ணுகிறது: உயிரைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். சமண நூல்கள் இவற்றை ‘அதிசாரம்’ என்கின்றன. நோன்பை அடியோடு முறித்துவிடாமல் அதன் வரம்பைக் கடந்துவிடும் குறை என்பது இதன் பொருள். உரையாசிரியர் பூஜ்யபாதர் ஐந்தாவது குற்றத்தை விளக்கும்போது பசு முதலான விலங்குகளைப் பசியாலும் தாகத்தாலும் வருத்துவதையே எண்ணினார். தொழுவத்து மாட்டுக்குத் தீனி போடாதவன் செய்த பிழை எவருக்கும் விளங்கும். ஆனால் உணவு தாராளமாக வைக்கப்பட்டும், அதை எடுத்துக்கொள்ள உயிரால் இயலாமற்போய், அந்த இயலாமை வளர்ப்பவன் அமைத்த சூழலிலிருந்தே பிறந்து, அவனோ அதை அறியாமல் இருந்தால், அதுவும் உணவைத் தடுத்ததாகுமா என்ற வினாவுக்குச் சூத்திரத்தில் நேரான விடை இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கூண்டுகளில் வளர்க்கப்படும் இளம் பச்சோந்தி இந்த வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகிறது.

அங்கே பரவலாக வளர்க்கப்படுவது, ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஏமன் பச்சோந்தி. ஏனைய பச்சோந்திகளைப்போல இதுவும் இரையைத் துரத்திப் பிடிப்பதில்லை. நாக்கை எய்தே பிடிக்கிறது. தொண்டையிலுள்ள நாவடி எலும்பின் கூம்பிய முனையைச் சுற்றி ஒரு குழல்வடிவத் தசை உண்டு; அத்தசைக்கும் எலும்புக்கும் இடையில் புரத நார்களாலான உறைகள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தசை இறுகும்போது இந்த உறைகள் வளைத்த வில்லைப்போல ஆற்றலைச் சேமித்துக்கொண்டு, எலும்பின் முனையைக் கடந்த கணத்தில் அதை ஒருசேர விடுவிக்கின்றன என்பதை 2004-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். இரையில் பட்ட நாக்கு நுனியின் சளி, மனித உமிழ்நீரைப்போல ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்புடையது என்பது 2016-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. இரையோடு நாக்கை உள்ளே இழுப்பது வேறொரு தசையின் வேலை. அதற்கு உதவ இத்தகைய விற்பொறி எதுவும் இல்லை. நாக்குக் கோளாற்றை ஆராய்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய வேறுபாடு இதுவே.

கோளாறு தொடங்கும்போது வெளியே தெரிவது மிகச் சிறிது. இளம் பச்சோந்தி கிளையில் முன்னோக்கிச் சாய்கிறது. தனித்தனியே சுழன்றுகொண்டிருந்த இரு கண்களும் ஒரே சிள்வண்டின்மேல் குவிகின்றன. வாய் மெல்லத் திறக்க, நாக்கின் தடித்த நுனி உதட்டருகே வந்து நிற்கிறது. சில நொடிகள் அப்படியே நின்றபின் எய்யப்படாமலே உள்ளே போய்விட, வாய் மூடிக்கொள்கிறது. வேறு சில வேளைகளில் நாக்கு பாதித் தொலைவு சென்று தொய்ந்து விழும், அல்லது இரையைத் தொட்டும் ஒட்டாமல் திரும்பும். கூண்டுக்குள் சிள்வண்டுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மாலையில் வந்து பார்க்கும் வளர்ப்பவர் அவை குறையாதிருப்பதைக் கண்டு, அதற்குப் பசியில்லை என்று முடிவு கட்டுகிறார்.

இந்த முடிவு ஓர் அனுமானம், அதாவது காணப்பட்ட அடையாளத்தைக் கொண்டு காணப்படாததை அறியும் முறை. இம்முறை எங்கே பிழைபடும் என்பதைத் தமிழில் விரித்துரைத்த பழைய நூல் மணிமேகலை. அதன் 29-ஆம் காதையில் அறவண அடிகள் கூறும் ஏதுப்போலிகளுள் ஒன்று அநைகாந்திகம்: நிறுவ விரும்பும் பொருள் உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் நிறுவ வலியற்றுப்போகும் காரணம். உண்ணாமை அத்தகையதே. வயிறு நிறைந்த உயிரும் உண்பதில்லை. பசித்தும் இயலாத உயிரும் உண்பதில்லை. அஞ்சிய உயிரும் உண்பதில்லை. இரையைக் கண்டும் குறிவைக்காதிருப்பது ஒரு நிலை, குறிவைத்தும் எய்யமாட்டாதிருப்பது மற்றொரு நிலை என்று பிரித்துப் பார்க்காதவரை, உண்ணாமையிலிருந்து பசியின்மையை வருவிப்பது போலிக் காரணம்தான். அதை வளர்ப்பவர் எளிதில் ஏற்றுக்கொள்வது அது ஆறுதல் தருவதால் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் அடையாளங்கள் பேசுகின்றன. கிறிஸ்டோபர் ஆண்டர்சன், ஸ்டீபன் டெபன் என்னும் அமெரிக்க உயிரியலாளர் இருவர் 2010-இல் ஏமன் பச்சோந்தியைக் கொண்டே செய்த ஆய்வில், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தபோது நாக்கு வெளியேறும் திறன் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே தளர்ந்தது. உள்ளிழுக்கும் திறனோ 40 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. ஆகவே நாக்கு நன்றாகப் பாய்ந்தும் திரும்பத் தயங்கினால் கூண்டின் குளிரை முதலில் ஐயுறவேண்டும். கண்ணில் வீக்கமோ மூடிய இமையோ இருந்து குறி தவறினால் வேறு வழியில் செல்லவேண்டும். பச்சோந்தி கண்ணின் குவியத்தை மாற்றுவதைக் கொண்டே தொலைவை அளக்கிறது என்பதும், கண்முன் வில்லை வைத்தால் அதன் குறி பிழைக்கிறது என்பதும் 1977-லேயே காட்டப்பட்டவை. வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணும், ஈரம் சுரக்கும் சவ்வுகளும் கெடும். ஈறு சிவந்து சீழ் கட்டியிருந்தால் வாய்த்தொற்று; கண் குழிந்து, கழிவின் வெண்பகுதி மஞ்சளாகியிருந்தால் நீரிழப்பு. கண்ணாடியில் தன் உருவத்தையோ பக்கத்துக் கூண்டில் இன்னொரு பச்சோந்தியையோ ஓயாமல் காண நேர்ந்தால், உடல் பழுதற்றிருந்தும் அச்சத்தால் அது உணவைவிட்டு ஒதுங்கும்.

வளரும் குட்டியிடம் மிகுதியும் அஞ்சவேண்டியது சுண்ணாம்புச்சத்துக் குறைவு. வளர்ப்புச் சிள்வண்டின் உடலில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் பூச்சிக்கு முன்கூட்டியே சத்துள்ள இலைகளை ஊட்டுவதும் அதன்மேல் கால்சியப் பொடி தூவுவதும் வேண்டியிருக்கிறது. அப்படிக் கொடுத்த கால்சியமும் வைட்டமின் டி இல்லாமல் குடலிலிருந்து உடலில் சேராது. அந்த வைட்டமினைத் தோல் ஆக்கிக்கொள்ள ‘பி’ வகைப் புறஊதாக் கதிர் தேவை. கதிர் குறைந்தால் உடல் தன் எலும்பையே கரைத்துக் குருதிக்குக் கால்சியம் தேடும். கால் எலும்பு வளையும், தாடை மென்மையாகும். தசை இறுகவும் கால்சியம் தேவை என்பதால், எலும்பின் கேடு கண்ணுக்குத் தெரியுமுன்பே நாக்கின் எய்தல் குறுகிவிடக்கூடும்.

இங்கேதான் அறிவியற் செய்தி அறக்கேள்வியாக மாறுகிறது. ஏமனில் இக்கதிரை எவரும் கொடுக்க வேண்டியதில்லை; கூண்டுக்குள்ளோ அது ஒரு குழல்விளக்கிலிருந்து மட்டுமே வருகிறது. அக்குழல் பழகப் பழக அதன் புறஊதாக் கதிர் தேய்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ முன்போலவே இருக்கும். சன்னல் வெயிலும் உதவாது, கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிகிறது, பூச்சி ஓடுகிறது, இலைகளில் நீர் தெளிக்கப்படுகிறது. செய்யவேண்டியவை யாவும் செய்யப்பட்டதாக வளர்ப்பவர் உண்மையாகவே நம்புகிறார். அவர்மேல் குற்றம் உண்டா?

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிர்போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ‘பிரமத்த யோகம்’, அதாவது மனம், மொழி, உடல் ஆகிய மூன்றின் விழிப்பற்ற இயக்கம், அதனால் உயிருக்கு நேரும் கேடே இம்சை என்கிறது. தமிழ்ச் சமணர் பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றும் குந்தகுந்தர் இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறார்: உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் விழிப்பற்றவனுக்கு இம்சை உறுதி, விழிப்போடு ஒழுகுபவனுக்கோ வெறும் நிகழ்ச்சியால் வினைக்கட்டு இல்லை என்பது பிரவசனசாரத்தில் அவர் கொண்ட நிலை. இதன்படி பார்த்தால் அறியாமை இருவகைப்படும். அறிய வழியில்லாத அறியாமை குற்றமாகாது. அறிய வழியிருந்தும் பாராமல் விட்ட அறியாமை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு கூடியதாயினும், விழிப்பின்மையே. கதிரை அளக்கக் கருவி உண்டு. குட்டியைக் கிழமைதோறும் நிறுத்துப் பார்க்கலாம். இரையை நோக்கி அது வாய்திறக்கும் அந்தச் சில நொடிகளை உடனிருந்து காணலாம். இவற்றைச் செய்யாதவர் உணவைத் தடுத்தவரே என்று கொள்வதுதான் சூத்திரத்தின் கருத்துக்கு இயைந்தது. இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் குட்டிக்கு வேறு வெயில் இல்லை.

விழிப்பு என்பது விரைந்து மருந்திடுவதும் அன்று. வைட்டமின் ஏ மிகுந்தால் நஞ்சாகும்; வைட்டமின் டி மிகுந்தால் கால்சியம் சிறுநீரகம் முதலான மென்திசுக்களில் படியும். ஐயத்தை அறிவென்று எண்ணி இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவர், முன்பு பாராமல் செய்த பிழையைப் பதற்றத்தால் மீண்டும் செய்கிறார். ஊர்வனவற்றில் தேர்ந்த கால்நடை மருத்துவர் ஊடுகதிர்ப் படமெடுத்து, குருதியின் கால்சியத்தை அளந்து, கழிவில் ஒட்டுண்ணி உண்டா என்று பார்த்த பின்பே மருந்தின் அளவைச் சொல்வது இதனால்தான்.

பச்சோந்தியின் பசி அதற்கு எத்தகைய உணர்வாக இருக்கிறது என்பதை மனிதர் உள்ளிருந்து அறியமுடியாது என்ற வாதம் இங்கே எழக்கூடும். மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1974-இல் வௌவாலை முன்வைத்து எழுப்பிய அந்தக் கேள்வி வலியது. ஆயினும் கடமைக்கு அவ்வளவு அறிவு வேண்டியதில்லை. வாய் திறந்தும் நாக்கு வராத ஒரு செயலில், நாடியதும் அது தடைப்பட்டதும் வெளியிலிருந்தே தெரிகின்றன.

முதற்குற்றமாகிய கட்டிவைத்தலும் எஞ்சி நிற்கிறது. விரும்பிய இடத்துக்குச் செல்வதைத் தடுப்பதே கட்டு என்கிறார் பூஜ்யபாதர். உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பச்சோந்திக்கு வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்வதே உடலைப் பேணும் வழி. எனவே அதன் நடையைத் தடுப்பது அதன் செரிமானத்திலும் தசையிலும் கைவைப்பதாகும். இரையாக விடப்படும் சிள்வண்டுகளும் உயிர்களே என்பதால், முழுமையான சமண நோக்கில் இவ்வளர்ப்புக்கு இசைவு கிடைப்பது அரிது. இனி வாங்க எண்ணுபவர் அந்த மறுப்பை ஏற்பதே நன்று. ஏற்கெனவே கூண்டில் பிறந்து வளர்ந்த உயிரையோ ஏமனுக்குத் திருப்பி அனுப்ப வழியில்லை. அதன் நாக்குத் தசை சிதைந்து மருத்துவர் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தாலும், அது கிண்ணத்திலிருந்தோ இடுக்கியிலிருந்தோ தாடையால் பூச்சியைக் கவ்வப் பழகி வாழக்கூடும்; நன்கு பேணப்பட்டால் இவ்வினம் 5 முதல் 8 ஆண்டுகள் வரை உயிர்வாழும், அத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு வேளையும் ஒருவர் அருகிருந்து ஊட்டவேண்டியிருக்கும்.