பாத்திரத்தின் குற்றம்

சென்ற தை மாதம் தேன்கனிக்கோட்டையில் என் அக்காள் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் இரவு, சாப்பாடு முடிந்து அக்கா சமையற்கட்டில் இருந்த சமயம், அவள் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். வயது 26. யந்திரங்களிடம் பிரியம் உள்ள பிள்ளை.

"மாமா, இதில் எதை முதலில் வாங்கலாம், எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்."

பார்த்தேன். 20 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்று. மூடி உள்ள பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று. வெப்பமானி, அடர்த்திமானி, ரப்பர் குழாய். கண்ணாடி பாட்டில்கள் 30. பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவி ஒன்று.

"சோடாக் கடை வைக்கப் போகிறாயா?" என்றேன்.

"மெதுவாகப் பேசுங்கள் மாமா. பீர். வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்கலாமென்று..."

பல வருஷங்களுக்கு முன் ஒரு நாவலுக்காக ஒரு பீர் ஆலையில் இரண்டு நாள் சுற்றியிருக்கிறேன். என்னிடம் கேட்பதற்கு அவன் கண்ட யோக்கியதை அது ஒன்றுதான். அவன் குடிகாரன் அல்ல. பெங்களூரில் ஓர் உணவு விடுதியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்ற செப்புக் கொப்பரைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அவன் மயங்கியது கோப்பையில் இருந்ததைக் கண்டு அல்ல, கொப்பரையைக் கண்டு. அந்த மயக்கம் எனக்குப் புரிந்தது.

ஆகவே கேட்ட கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லத் தொடங்கினேன். தொடங்குகிறவனுக்கு 20 லிட்டர் எதற்கு? 5 லிட்டர் போதும். கெட்டுப் போனால் 5 லிட்டர்தான் கெடும். புதிதாக ஒரு வித்தையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை இது. பெரிய பாத்திரத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, சின்ன வெப்பமானியில் சிக்கனம் பார்ப்பார்கள். உண்மையில் அந்த வெப்பமானிதான் வித்தையின் உயிர். முளைவிட்டு உலர்ந்த பார்லியை 65 டிகிரிச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாவு சர்க்கரையாகிறது. சூடு 75-ஐத் தாண்டினால் அந்த வேலையைச் செய்கிற என்ஸைம் செத்துப்போகும். பிறகு வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்து மூடி வைக்க வேண்டும். இறுக மூடினால் உள்ளே பிறக்கும் வாயு பாத்திரத்தையே வெடிக்க வைக்கும். ஆகவே வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியில் செருகுவார்கள். வாயு குமிழி குமிழியாக வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வராது. பையன் பட்டியலில் எழுத மறந்தது அதைத்தான்.

அடர்த்திமானி? பால்காரரிடம் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க லாக்டோமீட்டர் போடுவார்களே, அதன் சகோதரி. சர்க்கரை எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மீதி என்று சொல்லும். அதைக் கேட்காமல் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். பிளாஸ்டிக் பீப்பாயில் கீறல் விழுந்தால் அங்கே கிருமி குடியேறும். எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. வெந்நீரும், தேய்த்துக் கழுவச் சலிக்காத கையும்தான் அது.

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கு ஒரு விசித்திரம் புலப்பட்டது. இரண்டு மூன்று சாமான்கள் நீங்கலாக, இவையெல்லாம் ஏற்கனவே இந்த வீட்டில் இருக்கின்றன! அக்கா மாதம் ஒரு முறை கேழ்வரகை இரவெல்லாம் ஊற வைத்து, ஈரத் துணியில் கட்டி முளைக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, இளம் வறுவலாக வறுத்து, அரைத்துச் சலித்து டப்பாவில் போட்டு வைக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் குடிக்கிற ராகி மால்ட் அதுதான். பீருக்குத் தானியத்தைப் பக்குவம் செய்வதும் பெரும்பாலும் இதே வழிதான். அதே கேழ்வரகைச் சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் ஊறல் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சக் கொடுக்கிறார்கள். அங்கே விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. தானியமும் ஒன்று, பானையும் ஒன்று. ஒரு வீட்டில் குழந்தைக்குக் கஞ்சி. இன்னொரு வீட்டில் விருந்தாளிக்கு மது.

"அப்படியானால் பாத்திரத்தில் என்ன தப்பு மாமா?" என்றான் பையன்.

நல்ல கேள்வி. ஆனால் நம்முடைய சட்டம் தப்பு இருப்பதாகத்தான் சொல்கிறது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்ததும், 1937 அக்டோபர் 1 அன்று, தம் சொந்த ஜில்லாவான சேலத்தில்தான் அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தார். தேன்கனிக்கோட்டை அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. சில மைல் தூரத்தில் மைசூர் சமஸ்தானம்; அங்கே இந்தச் சட்டம் செல்லாது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது, 1971-ல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசாங்க நிறுவனமே நடத்துகிறது. ஆனால் அந்த 1937-ஆம் வருஷத்துச் சட்டம் போகவில்லை. உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதோடு அது நிற்பதில்லை. தயாரிப்பதற்கான பொருளையும் பாத்திரத்தையும் கருவியையும் வைத்திருப்பதே குற்றம் என்கிறது. எல்லை தாண்டினால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. கர்நாடகத்திலும் உரிமம் இல்லாமல் காய்ச்சக் கூடாது.

"கடையில் அரசாங்கமே விற்கலாம், நான் ஓர் அண்டா வாங்கக் கூடாதா?" என்றான். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் மளிகைக் கடைகளில் மால்ட் பாகு டப்பா டப்பாவாக விற்றது. ரொட்டி சுடுவதற்கு என்று பெயர். எத்தனை வீட்டில் ரொட்டி சுட்டார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்! மதுவிலக்கு போன பிறகும், வீட்டில் பீர் காய்ச்சுவது அங்கே குற்றமாகவே இருந்தது; அதை நீக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978-ல்தான். இங்கிலாந்தில் வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 1963-ல் போயிற்று. ஆகச் சட்டம் கல்வெட்டு அல்ல, மாறக் கூடியதுதான்.

ஆனால் சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை உண்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு தண்டனைகள் இன்னும் கடுமையாயின. பையன் செய்ய நினைத்தது சாராயம் அல்ல, பீர். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்கு மனிதனின் எண்ணத்தைப் பார்க்கக் கண் இல்லை. அதன் கண்ணுக்குப் பாத்திரம்தான் தெரியும். ஆகவே பாத்திரத்தைப் பிடிக்கிறது.

நமக்கு எண்ணத்தைப் பார்க்கும் கண் இருக்கிறது. அப்படியானால் பாத்திரம் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? கத்தி பழத்தையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும் என்று சொல்லி மேடையில் கைதட்டல் வாங்கலாம். நானும் அன்றிரவு அப்படித்தான் ஏதோ சொல்லிப் பேச்சை முடித்தேன். பையன் படுக்கப் போனான்.

அக்கா விளக்கை அணைக்க வந்தவள், "என்ன காகிதம் அது, தம்பி?" என்று கேட்டாள்.

மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, அழவுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பரண் மேலிருந்த ஒரு தகர டப்பாவை இறக்கினாள். அதற்குள் துணியில் சுற்றிய ஒரு வெள்ளி டம்ளர். அவள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா செய்து போட்டது.

"அவர் இந்த வீட்டில் முதல் தடவை இதில்தான் ஊற்றிக் குடித்தார். ஒரு தடவைதான். அப்புறம் வெளியே போய்விட்டார், உனக்குத்தான் தெரியுமே. டம்ளர் என்ன பாவம் செய்தது என்று எனக்கும் தெரிகிறது. புளி போட்டு எத்தனையோ தரம் தேய்த்துவிட்டேன். ஆனாலும் இதில் யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கை வரவில்லை, தம்பி."

அத்தான் கல்லீரல் கெட்டு இறந்தபோது பையனுக்கு ஐந்து வயது. அந்த டம்ளர் அவனுக்குத் தெரியாது.

இரவு வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. நான் சொன்ன கத்தி உவமையில் எங்கே பிழை என்பது அப்போது விளங்கியது. கத்தியைத் தனியாக மேஜைமேல் வைத்துப் பேசினேன். எந்தப் பாத்திரமும் வீட்டில் தனியாக இருப்பதில்லை. சில மனிதர்களுக்கு நடுவில் இருக்கிறது; அவர்கள் பட்டதெல்லாம் அதன்மேல் படிகிறது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத தகடூரில், இன்றைய தருமபுரியில், அதியமான் மறைந்தபோது ஔவையார் அழுத பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கள் கொஞ்சமாக இருந்தால் தனக்கே தந்துவிடுவான் என்று அவனை நினைத்து அழுகிறாள். அந்தக் கள் கலயத்தில் படிந்திருப்பது அன்பு. அக்காவின் டம்ளரில் படிந்திருப்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது, சட்டத்தாலும் முடியாது. அதையும் இதையும் அறிந்து அந்தந்த வீட்டில் வாழ்கிறவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே, தொடங்குகிறவன் முதலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் இரவு சொன்ன பதில் தவறு. 5 லிட்டரா, 20 லிட்டரா என்பது இரண்டாவது கேள்வி. எவர்சில்வரா, கண்ணாடியா என்பது மூன்றாவது கேள்வி. இந்தப் பாத்திரம் யார் கண்ணெதிரே இருக்கப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. இது பீருக்கு மட்டும் உரிய நியாயம் அல்ல. நம் ஆசைக்காக நாம் வீட்டுக்குள் கொண்டுவரும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும்.

காலையில் பையனைக் கூட்டிக்கொண்டு பேட்டராய சுவாமி கோயில் பக்கம் நடக்கப் போனேன். டம்ளர் கதையைச் சொன்னேன். அவன் வெகுதூரம் பேசாமல் வந்தான்.

"ஒருநாள் சட்டம் மாறிவிட்டால், மாமா?" என்றான் கடைசியில்.

"மாறட்டும். அன்றைக்கு அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டாதே. உன் அம்மாவிடம் காட்டு" என்றேன்.

அவன் காகிதத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிழிக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது முற்றத்தில் முளைகட்டிய கேழ்வரகு வெள்ளை வேட்டியில் உலர்ந்துகொண்டிருந்தது. கோழி வராமல் பார்த்துக்கொள்ளும்படி அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். பையன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டான்.