பாதியில் எழுந்து போவது கோழைத்தனமா?

படமாளிகையில் ஒருவர் பாதிப் படத்தில் எழுந்து வெளியே போகிறார். திரையில் ஒரு மனிதனைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து, "ஆள் பயந்திட்டார்!" என்று ஒரு குரல். சிரிப்பொலி எழுகிறது. காசு கொடுத்து ரிக்கற் வாங்கியவர், கூட வந்தவர்களையும் விட்டுவிட்டு வெளியேறியது பலவீனமா, விவேகமா? சிறிய கேள்விதான். ஆயினும் அதற்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. நாம் எதைப் பார்க்கிறோமோ, அதற்கு நாம் பொறுப்பாளிகளா?

இக்கேள்வி சினிமாவோடு பிறந்ததன்று. புனித அகுஸ்தீனார் தமது தன்வரலாற்று நூலின் ஆறாம் பாகத்தில் நண்பர் அலிப்பியுசைப் பற்றி எழுதுகிறார். சட்டம் பயில உரோமைக்கு வந்த இந்த இளைஞர், மனிதரை மனிதர் வெட்டிக் கொல்லும் அரங்கக் காட்சிகளை வெறுத்தவர். ஒருநாள் தோழர்கள் அவரை வலிந்து அங்கே இழுத்துச் சென்றனர். உடலை இழுத்துச் செல்லலாம், மனத்தை இழுக்க முடியாது என்ற துணிவில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். களத்தில் ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆவல் மேலிட, அலிப்பியுஸ் கண்களைத் திறந்தார். அவ்வளவுதான். களத்தில் வீழ்ந்தவனுக்கு உடலில் காயம். இவருக்கோ ஆன்மாவில் அதைவிடப் பெரிய காயம் என்கிறார் அகுஸ்தீனார். அன்றுமுதல் அவர் மீண்டும் மீண்டும் அங்கே போனார். மற்றவர்களையும் அழைத்துப் போனார்.

பிற்காலத்தில் ஆயராகும் அளவுக்கு நல்லவரான அவர் எங்கே தவறினார்? அரங்கத்தை வெறுத்தது சரி. கண்ணை மூடியதும் சரி. ஆனால் தம் மனவலிமையை நம்பி அங்கேயே இருந்துவிட்டார். இமையைக் கண்ணுக்கு வைத்த இறைவன் காதுக்கு வைக்கவில்லை. காலை நமக்குத் தந்தது எழுந்து போவதற்காகவும்தான்.

"அது உண்மையான கொலை, இது நடிப்பல்லவா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1960இல் வெளிவந்த ஹிச்கொக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறையில் ஓடிய இரத்தம் உண்மையில் சொக்கலேட் பாகுதான். படமோ கறுப்பு வெள்ளை. நடிகை சாகவில்லை என்பது பார்த்தவர் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நெஞ்சு பதறியது. திரையில் ஓடும் இரத்தம் பொய்யாகலாம். நமக்குள் எழும் உணர்ச்சி பொய்யல்ல. அது இரக்கமானால் உண்மையான இரக்கம். குரூர இன்பமானால் உண்மையான குரூர இன்பம்.

பழக்கம் வந்துவிட்டால் பதற்றம் போய்விடும் என்பார்கள். எப்போதும் அப்படியல்ல. 2002 மே மாதம் கான் திரைப்பட விழாவில் காஸ்பர் நோயே என்னும் நெறியாளரின் படமொன்று திரையிடப்பட்டபோது, இருநூறு பேருக்கு மேல் பாதியில் வெளியேறினர் என்றும் சிலர் மயங்கி விழுந்தனர் என்றும் செய்திகள் வந்தன. திரைப்படங்களோடு நன்கு பழகியவர்கள் நிறைந்திருந்த சபை அது. அவர்களைக் கோழைகள் என்று எவர் சொல்வார்?

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. "உலகில் கொடுமை நடக்கிறது. அதைக் காட்டும் படத்திலிருந்து முகத்தைத் திருப்புவது, துன்புறுவோரிடமிருந்தே முகத்தைத் திருப்புவதாகாதா?" 1963 டிசெம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, தீமையைச் சித்தரிப்பதை முற்றாக விலக்கவில்லை. மனிதனை ஆழமாக அறியவும் நன்மையின் மேன்மையை உணரவும் அது உதவக்கூடும் என்கிறது. ஆனால் அது அறநெறிக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே இரத்தம் தெரிகிறதா என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. படம் நம்மை எங்கே நிறுத்துகிறது? அடிபடுபவன் பக்கத்திலா, அடிப்பவன் பக்கத்திலா? அடுத்த அடி விழக்கூடாதே என்று ஏங்குகிறோமா, எப்போது விழும் என்று காத்திருக்கிறோமா? இரண்டாவது மனநிலை நமக்குள் தலைதூக்கினால், எழுந்து போகும் நேரம் வந்துவிட்டது.

ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் படமே இதற்கு விலக்கல்ல. மெல் கிப்சனின் 'கிறிஸ்துவின் பாடுகள்' 2004ஆம் ஆண்டு விபூதிப் புதனன்று அமெரிக்காவில் வெளியானது. பின்னர் ஒரு தவக்காலத்தில் பங்கு மண்டபமொன்றில் அதைத் திரையிட்டபோது, கதிரை அடுக்கும் பொறுப்பு என்னுடையது. கசையடிக் காட்சி நீண்டுகொண்டே போனது. பலர் கண்ணீர்விட்டுச் செபித்தார்கள். ஒரு வயோதிப மாது மட்டும் எழுந்து வெளியே போனார். பக்திக் குறைவோ என்று எனக்குள் ஓர் எண்ணம். பின்னால் போய், "என்னம்மா, ஏலாமல் கிடக்கோ?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி. நான் பார்த்தது காணும்" என்றார். போரில் தம் மகனை இழந்தவர் அவர். கோவில் முற்றத்துச் சிலுவையடியில் இருந்து செபமாலையைத் தொடர்ந்தார். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே அழுதவர்களும் சரி, வெளியே வந்த அந்தத் தாயும் சரி, ஒரே பாடுகளைத்தான் தியானித்தார்கள்.

நற்செய்தியாளர்களும் கசையடியை ஒரு வரிக்குள் சொல்லி முடிக்கிறார்கள். சிலுவையில் அறைந்ததையும் அப்படித்தான். எத்தனை அடி, எவ்வளவு இரத்தம் என்று அவர்கள் எண்ணிக் காட்டவில்லை. ஆயினும் எத்தனையோ தலைமுறைகள் அதை வாசித்து அழுதிருக்கின்றன. சொல்லாமல் விடுவதற்கும் ஒரு வலிமை உண்டு.

1934இல் அமெரிக்கக் கத்தோலிக்கர் தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று வாக்குறுதி எடுக்கும் இயக்கமொன்று தொடங்கினர். எது ஆகும், எது ஆகாது என்று பட்டியலும் வெளியாகியது. அந்த இயக்கம் இன்றில்லை. இருந்தாலும் கைத்தொலைபேசியில் வந்து விழும் ஒளிப்படங்களுக்கு யார் பட்டியல் போடுவது? நம் மனச்சாட்சிதான் போடவேண்டும். பெற்றோர் ஒன்றை மறக்கலாகாது. படமாளிகையில் நாம் எழுந்து போவதைப் பிள்ளை பார்த்தது. தனியறையில் கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளைக்கு அந்த முன்மாதிரி தெரிவதில்லை. ஏன் நிறுத்தினோம் என்பதை வாய்திறந்து சொல்லவேண்டிய காலம் இது.

வெளியேறியவர் உள்ளே இருப்பவரைத் தீர்ப்பிட வேண்டியதில்லை. வெளியேறியதோடு தம் கடமை முடிந்தது என்றும் எண்ணவேண்டியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தெயோதொரேத்து தரும் செய்தி ஒன்றுண்டு. தெலமாக்கூஸ் என்னும் துறவி உரோமை அரங்கிலே பார்வையாளராக இருக்க மனமின்றிக் களத்தில் இறங்கிப் போரிட்டவர்களைத் தடுத்தார். காட்சி கெட்டதென்று சினந்த கூட்டம் அவரைக் கல்லால் எறிந்து கொன்றது. அதன்பின் பேரரசர் ஒனோரியுஸ் அக்காட்சிகளை நிறுத்தினார் என்கிறார் அவர்.

அலிப்பியுஸ் இருந்துவிட்டார், தெலமாக்கூஸ் எழுந்தார். திரையில் அடிபடுபவனை நாம் காப்பாற்ற முடியாது. ஆனால் அங்கே மழுங்காமல் காத்துக்கொண்ட நெஞ்சு, நாளை நம் தெருவில் ஒருவன் அடிபடும்போது தேவைப்படும். அதற்காகவேனும், எழவேண்டிய நேரத்தில் எழுந்து போவோம்.