வீட்டின் மேய்ப்பர் யார்?

கிறித்துவ இல்லத்தில் ஆன்மிகத் தலைமை எவருக்கு உரியது என்னும் வினாவிற்கு விடை எளிது எனக் கருதுவோர் பலர். பவுல் அடிகள் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தைக் காட்டி, கணவனே தலைவன் என்று கூறி வழக்கை முடித்துவிடுவர். கிறித்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் கணவனும் அன்பு செலுத்துதல் வேண்டும் என்று அதே திருமுகம் விதிப்பதை அவர்கள் அத்துணை விரைவில் எடுத்துக்காட்டுவதில்லை. தலைமை என்பது கட்டளையிடும் உரிமையா, கணக்கு ஒப்புவிக்கும் கடமையா? இவ்வினாவைத் தம் அடுப்படியிலேயே எதிர்கொண்டவர் சுசன்னா வெஸ்லி அம்மையார்.

1669இல் இலண்டனில் பிறந்த அவர், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகிய சாமுவேல் வெஸ்லியை மணந்து, எப்வொர்த் என்னும் சிற்றூரின் குருமனையில் வாழ்ந்தார். பெற்ற பிள்ளைகள் 19 பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். 1705இல் கடனுக்காகக் கணவர் சிறையும் சென்றார். 1709இல் குருமனை தீக்கிரையாயிற்று.

இவற்றிற்கெல்லாம் முன்பே, அவ்வீட்டில் ஒரு பிணக்கு நேர்ந்தது. மூன்றாம் வில்லியத்தை முறையான அரசராக அம்மையாரின் மனச்சான்று ஏற்கவில்லை. எனவே, குடும்ப வழிபாட்டில் அரசருக்காகக் கணவர் செய்த வேண்டுதலுக்கு அவர் 'ஆமென்' கூறவில்லை. சினங்கொண்ட சாமுவேல் வீட்டைவிட்டு வெளியேறி, மாதக்கணக்கில் பிரிந்திருந்தார். 1702இல் அரசர் மறைந்தார். அவ்வாண்டிலேயே கணவரும் இல்லம் திரும்பினார். சாமுவேல் கொடியவர் அல்லர். கற்றவர், பாவலர், இறையச்சம் உடையவர். ஆயினும், தம் தலைமையை நிலைநாட்டும் பொருட்டுத் தலைவர் வெளியேற, பசித்த பிள்ளைகளோடு எஞ்சி நின்றவர் மனைவியே. அந்நாள்களில் அவ்வீட்டை மேய்த்தவர் யார் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

1711ஆம் ஆண்டின் இறுதியில், திருச்சபைப் பேரவையை முன்னிட்டுச் சாமுவேல் மீண்டும் இலண்டனில் தங்க நேர்ந்தது. ஞாயிறு மாலைகளில் அம்மையார் பிள்ளைகளையும் பணியாளரையும் கூட்டி, செபங்களையும் ஓர் அருளுரையையும் படித்து வந்தார். பணியாள் ஒருவன் தன் பெற்றோரிடம் இதனைச் சொல்ல, அவர்கள் வந்தனர். அயலார் தொடர்ந்தனர். சில வாரங்களில் ஏறத்தாழ 200 பேர் திரண்டனர். இடமின்றித் திரும்பியோரும் உண்டு. துணைக்குருவிற்கு இது பொறுக்கவில்லை. பெண்ணொருத்தி இவ்வாறு செய்வது முறையன்று என்று கணவரும் மடல் எழுதினார்.

1712 பிப்ரவரியில் அம்மையார் எழுதிய மறுமொழி ஆழ்ந்து கற்கத்தக்கது. குடும்பத் தலைவர் கணவரே என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், அவர் இல்லாத காலத்தில் தம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் ஆன்மாவும் இறைவன் தம்மிடம் ஒப்படைத்த பொருளே என்றார். கூட்டத்தை நிறுத்துதல் வேண்டுமாயின் வெறும் விருப்பமாகத் தெரிவித்தல் போதாது. தெளிந்த கட்டளையாகவே இடுக என்றும் வேண்டினார். ஏனெனில், நன்மை செய்யும் வாய்ப்பை இழந்த குற்றத்திற்கு இறைவன்முன் விடை பகர வேண்டியவர் அப்போது கணவரே ஆவார். பணிவு போலத் தோன்றும் இம்மொழி, தலைமையின் முழுச் சுமையையும் அதற்கு உரிமை கோரியவர் தோளிலேயே ஏற்றிவிடுகிறது. கட்டளை வரவில்லை, கூட்டங்கள் தொடர்ந்தன.

அம்மையாரின் முறைகள் அனைத்தும் இன்று ஏற்கத்தக்கன என்பதற்கில்லை. குழந்தையின் தன்விருப்பை முதலில் அடக்குதல் வேண்டும் என்றும், அழுகையும் ஓசையின்றி இருத்தல் வேண்டும் என்றும் அவர் வகுத்த விதிகளை இக்கால ஆசிரியர் எவரும் தயங்கியே படிப்பர். அக்கண்டிப்பினூடே மற்றொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து, அதன் உள்ளத்து ஐயங்களையும் அச்சங்களையும் கேட்டறிவார். வியாழன் மாலை, 1703இல் பிறந்த ஜானுக்கு உரியது.

அந்த ஜான் வெஸ்லி தோற்றுவித்த மெதடிஸ்த இயக்கமே 1885இல் சிங்கப்பூரில் கால்கொண்டு, இவ்வட்டாரத்தில் பள்ளிகளையும் ஆலயங்களையும் எழுப்பியது. அவர் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் கல்வியாளராக விளங்கிய காலத்தில் அன்னைக்கு மடல் எழுதியபோது, அந்த வியாழன் மாலையின் சிறு பொழுதைத் தமக்கென மீண்டும் ஒதுக்க இயலுமா என்று கேட்டார்.