சண்டை யாருடையது?

சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்கும். புட்டிக்கு ஒரு மீன். ‘பைட்டர்’ என்று பெயர். இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் வாலும் துடுப்பும் கிழியும் என்பார்கள். அதன் பிறவிக் குணம் என்று நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

பிறவிக் குணந்தானா? சயாம் தேசத்து வயல் நீரிலும் அது சண்டை போடத்தான் செய்கிறது. ஆனால் அங்கே தோற்றவன் ஓடிப் போகலாம். புட்டிக்குள் ஓட இடம் ஏது? போதாததற்கு, பந்தயம் கட்டுவதற்காக முரட்டு மீன்களாகவே பொறுக்கித் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியவன் மனிதன். (அந்தச் சயாம், இன்றைய தாய்லாந்து, 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் பிராணியாகவும் அறிவித்தது!) நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் பிராணி; ஆகவே புட்டியிலும் சாகாமல் கிடக்கிறது. சாகாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் இவற்றை வளர்க்கிறார். ஆண் மீன் வாயால் குமிழி குமிழியாக ஊதிக் கூடு கட்டுகிறது. பெண் இட்ட முட்டைகளை வாயில் கவ்வி அதில் ஒட்டுகிறது. நழுவி விழுபவற்றை அலுக்காமல் மீண்டும் எடுத்து வைக்கிறது. இரண்டொரு நாளில் குஞ்சு பொரியும்வரை காவல். முட்டையிட்டதும் பெண்ணை நண்பர் அப்புறப்படுத்திவிடுகிறார். இல்லாவிட்டால் ஆண் குதறிவிடுமாம். குளமாயிருந்தால் அதுவே விலகிப் போயிருக்கும்.

ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று முறைக்கத் தொடங்கியதும் பிரிக்க வேண்டுமே என்று, நாற்பது புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார் அவர்.