உதயணன் கேட்ட கேள்வி

புத்தர் மறைந்தபின் அவருடைய சீடர் ஆனந்தர் கோசாம்பி நகருக்குப் போகிறார். அவர் உபதேசம் கேட்டு மகிழ்ந்த அரச தேவியர் 500 மேலாடைகளைக் காணிக்கையாகக் கொடுத்துவிடுகிறார்கள். அரசன் உதயணனுக்கு (பெருங்கதையின் நாயகனான அதே உதயணன்தான்) எரிச்சல். துறவி துணிக்கடை வைக்கப் போகிறாரா? நேரே போய்க் கேட்டுவிடுகிறான், இத்தனையையும் என்ன செய்வீர்கள் என்று.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினயபிடகம் அந்த உரையாடலை நிதானமாகச் சொல்கிறது. ஆடை நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்பார்களாம். அவர்களுடைய பழைய ஆடை? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும், உறை தரைவிரிப்பாகும், அது கால்மிதியாகும், கால்மிதி தூசி துடைக்கும் துணியாகும். அதுவும் கந்தலானால் கிழித்து அடித்து, களிமண்ணோடு குழைத்துத் தரை பூசுவார்கள்.

துறவு என்றால் உதறுவது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனந்தரோ கைக்கு வந்ததன் கடைசி இழை மண்ணில் சேரும்வரை கூடவே போகிறார். எனக்கு இதுதான் பெரிய துறவாகப் படுகிறது.

நம் வீடுகளிலும் இந்த வரிசை இருந்தது. நூல்புடவை தூளியானது, பிறகு கரித்துணியானது. பழைய வேட்டி விளக்குத் திரியானது. பருத்தி என்பதால் அது நடந்தது. பாலியஸ்டரைத் திரியாக்கினால் உருகி ஒழுகும். புதைத்தாலும் லேசில் மக்காது. ஆனந்தரின் வரிசை அங்கே அறுந்துவிடுகிறது. ஆகவே உதயணனின் கேள்வியை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனந்தருக்கு இல்லாத ஒரு கணக்கும் நமக்கு உண்டு. துணி வந்த வழி. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல நேர்ந்தது. பனியனின் பளிச்சென்ற நிறத்துக்குப் பின்னால் விதைக்க முடியாமல் போன வயல்கள் இருக்கின்றன.

கதையின் முடிவில் அரசன் மனம் குளிர்ந்து இன்னொரு 500 ஆடைகள் கொடுக்கிறான். இந்த முடிவை மட்டும் இன்றைய துணிக்கடைகள் நன்றாகப் பாடம் படித்திருக்கின்றன: பழைய துணியைக் கொண்டுவந்து போட்டால், புதியது வாங்கத் தள்ளுபடிக் கூப்பன். ஆனால் ஆனந்தருக்குப் பின்னால் கந்தல் உடுத்திய ஒரு சங்கமே காத்திருந்தது. ஆடித் தள்ளுபடியில் மூன்றாவது சட்டைக்குக் கை நீட்டும்போது நமக்குப் பின்னால் யார் காத்திருக்கிறார்கள்?